பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு

போன வாரம் என் மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் சண்டை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூலகத்திலிருந்து கொடுத்த ஒரு புத்தகத்தில், சொந்த வீட்டாரே ஒரு பெண்ணை அடித்துக் கொல்வதுபோல் கதை வருகிறதாம். "இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போகாதா?" என்று ஒருவர் எழுத, வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டு ஆமோதித்தார்கள். நான், "உங்கள் வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் நடப்பதைவிடவா அந்தப் புத்தகத்தில் அதிகமாக இருக்கிறது?" என்று கேட்டேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கட்டும். சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடாது.

அன்று எனக்கு ஞாபகம் வந்தவர் ஒரு தையல் டீச்சர். பெயர் போடவில்லை. போட்டால் அவருக்குப் பிடிக்காது.

நான் படித்த பெண்கள் பள்ளி சிதம்பரத்தில். அவர் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டி வந்து இறங்குவார். இறங்கியதும் மாலை கைப்பைக்குள் போகும், ஊசி வெளியே வரும். தையலுக்குப் பரீட்சை கிடையாது. அதனால் அவருக்கு வேலையும் கிடையாது என்று முடிவுகட்டிய பெரிய டீச்சர், நூலகச் சாவியை அவர் தலையில் கட்டினார். நூலகம் என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். தையல் அறையில் இரண்டு இரும்பு பீரோ, அவ்வளவுதான்.

பீரோவில் இருந்ததெல்லாம் பொது அறிவுப் புத்தகங்களும் பூச்சி அரித்த அகராதிகளும். அவர் தன் சம்பளத்தில் வேறு புத்தகங்கள் வாங்கி வந்து உள்ளே வைத்தார். குடிகார அப்பனின் கதை. மலக்குழியில் இறங்கிச் செத்தவனின் பெண்டாட்டி கதை. பள்ளிக்கூடத்தை விட்டுக் கரும்பு வெட்டப் போன பிள்ளையின் கதை. சாதி பார்த்துத் தனித் தட்டு வைத்த சத்துணவுக்கூடத்தின் கதை. அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் ஜாக்கெட் துணியில் மிஞ்சிய துண்டுகளை வைத்து உறை தைத்துவிடுவார். தலைப்பு வெளியே தெரியாது. அதனால் நாங்கள் பச்சைக் கட்டம், மஞ்சள் பூ, ஊதாப் பட்டை என்றுதான் புத்தகங்களைச் சொல்லுவோம். உறையின் தையல் கோடு போட்டது போல் நேராக இருக்கும்.

நல்ல புத்தகம், அவசியம் படி என்றெல்லாம் சொல்ல மாட்டார். "இது கஷ்டமான புத்தகம். பகல்ல படி. முடியலன்னா மூடி வெச்சுடு" என்பார். படித்துவிட்டு வந்து நாம் ஏதாவது சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "நான் சாமியாரு இல்ல, எங்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணாத. புத்தகத்த வெச்சுட்டுப் போ."

ஒரு நாள் ஒரு பிள்ளையின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். கையில் பச்சைக் கட்டம். பெரிய டீச்சர் முன்னால் அதை மேசையில் போட்டுக் கத்தினார். "என் வாயில ஒரு சொட்டு ஊத்தனதில்ல. எம் பொண்ணுக்கு எதுக்குங்க குடிகாரன் கதை?"

தையல் டீச்சர் வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "தெரியுங்க. நீங்க குடிக்கறதில்ல. அதனாலதான் குடுத்தேன்."

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய டீச்சருக்கும் புரியவில்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த எனக்கும் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண், தன் பக்கத்தில் உட்காரும் பிள்ளையைச் சாயங்காலம் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் வீட்டுப்பாடம் எழுதவைத்ததைப் பார்த்தேன். பக்கத்தில் உட்காரும் அந்தப் பிள்ளையின் வீட்டில்தான் அப்பா குடித்துவிட்டு வந்து, சாயங்காலமானால் தட்டு பறக்கும்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் மகேஸ்வரி. இரண்டு பேருக்கும் குமராட்சிப் பக்கம், ஒரே மினி பஸ். அந்த மினி பஸ்ஸின் கண்டக்டர் அவளுடைய அம்மாவின் தம்பி. அவள் மாமா என்று கூப்பிட்டதால் நாங்கள் எல்லோருமே அவரை மாமா என்றுதான் கூப்பிட்டோம். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எல்லோரையும் கிண்டல் பண்ணுவார். நல்ல மனுசன்தான்.

அந்த வருடம் தையல் வகுப்புக்கு மகேஸ் ஆறு ஜாக்கெட் துணி கொண்டுவந்தாள். ஆறும் புதுசு. "அம்மா தெச்சுப் பழகச் சொன்னாங்க டீச்சர். உள்ள துணி ஜாஸ்தியா வுட்டுத் தெக்கணுமாம்" என்றாள். டீச்சர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆறையும் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குத் தீபாவளிக்கே ஒரு துணிதான். நான் பொறாமையில் வெந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பொறாமைப்பட்டதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு நீலப் புள்ளி உறை போட்ட புத்தகத்தைக் கொடுத்தார். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை. எங்கள் வீட்டில் அதை என் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டார். முதுகில் இரண்டு விழுந்தது. "டீச்சர்கிட்ட நம்ம வூட்டப் பத்தி என்னாடி சொல்லி வெச்ச? உன்ன இப்ப எவன்டி கட்டிக்குடுக்கப் போறான்?"

வாங்கிய அடிக்கு நியாயம் கேட்க நேராகத் தையல் அறைக்குப் போனேன். "எங்க வூட்ல யாருக்கும் அப்படிக் கல்யாணம் பண்ணல டீச்சர். எனக்கு எதுக்கு இத குடுத்தீங்க?"

"உனக்குன்னு யாருடி சொன்னா?" என்று கேட்டுவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். குடிக்காத அப்பனின் மகளுக்குக் குடிகாரன் கதை. கரும்பு வயலையே பார்க்காதவளுக்குக் கரும்பு வெட்டும் கதை. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அப்பா அம்மா வருடத்தில் பாதி நாள் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் மினி பஸ்ஸில் ஒருத்தி என்னைச் சீண்டினாள். "என்னாடி, கல்யாணப் புத்தகம் படிக்கிறியாமே? உங்கம்மா உம்முதுகுல மஞ்சத் தண்ணி ஊத்துனாங்களாம்?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இன்றைக்கும் நிற்பதில்லை. எழுந்து நின்று கத்தினேன். "ஏய், டீச்சரு புத்தகம் குடுத்தா அது நமக்கு இல்லடி, பக்கத்துல உக்காந்திருக்கிறவளப் பத்தி! பச்சக் கட்டம் யாருக்குக் குடுத்தாங்க, அவ பக்கத்துல யாரு? யோசிச்சுப் பாருங்கடி. எனக்கு ஒண்ணும் கல்யாணம் இல்ல. இதோ இவளுக்குத்தான்!"

மகேஸைக் கையால் காட்டிச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெறும் வாய்ச்சவடாலாகச் சொன்னது உண்மையாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படிக்கட்டில் மாமா தொங்கிக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் அவர் விசில் அடிக்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் கூச்சல் போட்டார்கள். "யோவ், தூங்கறியா?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை யார் என்று அந்த வினாடி வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மகேஸ் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. டீச்சர் எங்கேயாவது புகார் கொடுத்துவிடுவார் என்று பயந்து அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

வகுப்பில் அதற்குள் நான் சொன்னது தீயாகப் பரவிவிட்டது. ஒருத்தி கையில் துணி உறைப் புத்தகம் இருந்தால் எல்லோரும் அவளைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பார்கள். "அவ வூட்ல என்னாவாம்?" என்று குசுகுசுப்பார்கள். பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "எம்பக்கத்துல இருக்கிறவளுக்கு எதுவும் குடுக்காதீங்க டீச்சர்" என்று அழுதாள்.

டீச்சர் ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டார். "யாருடி சொன்னது?"

எழுந்து நின்றேன். "நான்தான். பொய்யா சொன்னேன்?"

"நெசம்தான்டி" என்றார். திட்டவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திச் சொன்னார். "குடிகாரன் மவளுக்குக் குடியப் பத்தி நான் புதுசா என்னா சொல்லப்போறேன்? அவளுக்குத் தெரியாததா? பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா கூட நிப்பா. அப்படித்தான் நெனச்சேன். எத்தினி வருசமா ஒரே தையலப் போட்டுக்கினு இருந்திருக்கேன்! ஒருத்தி பிரிச்சுப் பார்ப்பான்னு எனக்கு ஏன் தோணல? தப்பு என்னுது."

மறுநாளிலிருந்து கண்டபடி கொடுக்க ஆரம்பித்தார். யாருக்கு எது என்று கணக்கே இல்லை. வட்டிக்கடைக்காரர் மகளுக்கு ஒன்று, அவள் பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே மாதிரிக் கதையில் வேறு ஒன்று, பெரிய டீச்சரின் தங்கை மகளுக்கு மலக்குழிக் கதை. "இப்பக் கண்டுபுடிங்கடி பாக்கலாம்" என்றார். பத்து நாளில் பிள்ளைகள் குழம்பிப்போய்க் குசுகுசுப்பை விட்டுவிட்டார்கள். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் எல்லாவற்றையும் படித்தார்கள்.

ஆனால் மகேஸ் வரவில்லை. ஒரு சனிக்கிழமை டீச்சர் அந்த ஆறு ஜாக்கெட்டையும் தைத்து முடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நீயும் வா. நீ பேசினதுக்கு நீயே வந்து பாரு" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மகேஸின் அம்மா எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கோபமில்லை, பயம்தான் இருந்தது. "எங்க தம்பிக்குத்தான டீச்சர் குடுக்கறோம்? வெளியிலயா குடுக்கறோம்? கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப பள்ளிக்கூடத்துல ஊரே ஒண்ணா படுத்துக் கெடந்தோம். இவளுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் என் தம்பி, வயசுப் பொண்ணாச்சேன்னு ராத்திரி பூரா ரெண்டு பேரும் கண்ணு மூடல. அவுங்கப்பா இருந்தா நான் ஏன் அவசரப்படறேன்?"

டீச்சர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். "ஒன்றரை இஞ்சு உள்ள வுட்டிருக்கேன்மா. மூணு வருசம் கழிச்சும் பிரிச்சுப் போட்டுக்கலாம். பரீட்ச எழுதட்டும். பதினெட்டுக்கு முன்னால பந்தக்கால் நட்டா நான் கலெக்டர் ஆபீசுல போய் நிப்பேன். மெரட்டல. முன்னாடியே சொல்லிட்டுப் போறேன்."

மகேஸ் கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. கத்தும்போது மட்டும்தான் அது எழும்.

திரும்பி வருகையில் அதே மினி பஸ். டீச்சர் கடைசி சீட்டில், படிக்கட்டுக்கு அருகில் உட்கார்ந்தார். என் பையிலிருந்து நீலப் புள்ளியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"தம்பி, எது வரைக்கும் படிச்ச?"

"எட்டாவது டீச்சர்."

"பேப்பர் படிப்பியா?"

"படிப்பேன்."

"அப்ப இதையும் படி."

மாமா புத்தகத்தைத் தொடவில்லை. "எனக்கு எதுக்கு டீச்சர்? பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்குக் குடுங்க."

"அவ பக்கத்துல உக்காரப்போறது நீதான? படிச்சுட்டு எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. வாங்கித் தோல் பையில் வைத்துக்கொண்டார்.

நான் தினமும் பார்த்தேன். பஸ் திரும்புகிற இடத்தில் நிற்கும் பத்து நிமிடத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். உதடு அசையும். "மாமா பரீட்சைக்குப் படிக்கிறாருடி" என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணினால், "ஆமா, உங்கள வுட நல்லாவே எழுதுவேன், போங்கடி" என்பார். நாட்கள் போகப் போக அந்தப் பதிலும் நின்றது. ஒரு நாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் கிளம்பிய பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மகேஸ் சீருடையில் பஸ் ஏறினாள். மாமா அவளுக்கு முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். "அம்மா ரெண்டு நாளு சோறு தின்னல" என்று மகேஸ் என்னிடம் சொன்னாள். "இப்ப வேணாம், கட்டிக்க மாட்டேன்னு மாமா சொல்லிட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள். என்னுடன் பழையபடி பேச அவளுக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. அது எனக்கு வேண்டியதுதான்.

பிளஸ் டூ முடித்து, மேலே இரண்டு வருடம் படித்து, அப்புறம் அவள் அதே மாமாவைத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போய் மேடை என்றும் பாராமல் கேட்டேன். "இதுக்கா இத்தன பாடு?" மகேஸ் கோபப்படவில்லை. "அப்ப யாரும் என்ன கேக்கலடி. இப்ப அவரு கேட்டாரு. நான் ஒரு வருசம் யோசிச்சுதான் சரின்னேன்" என்றாள். எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அது என் கல்யாணம் இல்லை.

நீலப் புள்ளி திரும்பி வரவே இல்லை. டீச்சரிடம் சொன்னபோது, "இருக்கட்டும். அவன் பக்கத்துலயும் டிரைவர் ஒருத்தன் உக்காந்திருக்கான் இல்ல" என்றார். மாணவியின் வீடு தேடிப் போய்ப் பேசியதற்காகப் பெரிய டீச்சர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு புத்தகங்கள் தையல் மெஷின் டிராயரிலும் பித்தான் டப்பாவுக்கு அடியிலும் இருந்தன. கொடுப்பது நிற்கவில்லை.

போன வருடம் செம்புக் கம்பி வாங்கக் கடலூர் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். முதுநகரில் தம்பி மகன் வீட்டில் பின்கட்டு அறையில் இருந்தார். மாதா படம், ஒரு கட்டில். நாற்காலி இல்லாததால் கட்டிலிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "மெஷின் எங்க டீச்சர்?" என்றேன். "எடத்த அடைக்குதாம். குடுத்துட்டாங்க" என்றார். தம்பி மகனின் பெண்டாட்டி ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மகேஸைப் பற்றி, கடையைப் பற்றி, ஜி.எஸ்.டி.காரனை நான் திட்டியதைப் பற்றி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறத் துணி உறை. "கஷ்டமான புத்தகம். பகல்ல படி" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பிரித்தேன். ஒரு வீட்டின் பின்னறையில், பேச ஆளில்லாமல், எப்போதாவது சாப்பாடு மறந்துபோய்விடுகிற ஒரு வயதான பொம்பளையின் கதை. யாருக்காகக் கொடுத்திருக்கிறார்? பழைய பழக்கத்தில் யோசித்தேன். என் மாமியாரா? எனக்கும் அவருக்கும் தினமும் சண்டைதான், ஆனால் எங்கள் வீட்டில் முதல் தட்டு அவருக்குத்தான். எதிர்வீட்டு அம்மாவா? கடைக்குப் பக்கத்தில் பூ விற்கிறவரா? ஆலப்பாக்கம் நெருங்கும்போது புத்தகத்தை மூடினேன். அப்போதுதான் உறையைச் சரியாகப் பார்த்தேன். கைத்தையல், ஊர்ந்து ஊர்ந்து கோணல்மாணலாகப் போயிருந்தது. துணி, அவர் பள்ளிக்குக் கட்டி வந்த சாம்பல் நிறப் புடவை.

ஒரு டம்ளர் டீதான் வந்தது. என் பக்கத்தில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்துய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். இறங்கி, ரோட்டைத் தாண்டி, கடலூர் போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

டீச்சர்தான் வந்து கதவைத் திறந்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"எது வரைக்கும் போன?"

"ஆலப்பாக்கம்."

"மகேஸ் பக்கத்துல உக்காந்துக்கினு உனக்கு ஒண்ணுமே தெரியல. பரவால்ல, தேறிட்ட."

நான் வீட்டுக்குள் பார்த்து வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மினி பஸ்ஸுல கத்துனாப்புல கத்தாத. நாளைக்கும் நான் இங்கதான் இருக்கணும். மொதல்ல உக்காரு. நான் சொல்றேன், நீ கேளு. அப்புறம் என்னா பண்ணலாம்னு ரெண்டு பேரும் யோசிக்கலாம்."

வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.